தண்ணீர் மட்டும் சின்னதாகாது

மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எந்த வேலையை விடுவதற்கும் எனக்குப் பெரிய காரணம் வேண்டியிருந்ததில்லை. தோளில் ஒரு பை, பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கினேன். கடை வாசலில் கறுப்புக் கார் ஒன்று நின்றது. புதிதாக மெழுகு போட்டுத் தேய்த்திருந்தார்கள் போல. பானட்டில் விழுந்த தூறல் வழிந்து ஓடாமல் முத்து முத்தாக நின்றது.

குனிந்து அந்தத் துளிகளைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. மாத்திரைப் பையோடு கடையிலிருந்து இறங்கியவர், "என்னங்க, வண்டியில கோடு கீடு போட்டுட்டாங்களா?" என்றார்.

"இல்லைங்க. தண்ணி நிக்கிறத பாத்தேன்."

அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சரிபார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். அவர் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கார் மேல் தண்ணீர்த் துளி நின்றால் இன்றைக்கும் குனிந்து அதன் அளவைப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தின்னரிலிருந்து தொடங்க வேண்டும். பெயின்டில் கலக்கிற தின்னர்தான். அதன் வாசனை சிலருக்குத் தலைவலி கொடுக்கும், எனக்குப் பசியைக் கொடுக்கும். தஞ்சாவூரை விட்டு வெளியே நாகப்பட்டினம் சாலையில் ஒரு கார் பெயின்டிங் பட்டறையில் வேலை செய்தபோது வந்த பழக்கம். மத்தியானச் சாப்பாடு வரும் நேரமும் ஸ்ப்ரே அடித்து முடிக்கும் நேரமும் அங்கே ஒன்று. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு, லாரி கிளீனர், செங்கல் சூளை, பனியன் கம்பெனி என்று பல ஊர் தண்ணீர் குடித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். தங்குவதற்கு இடம் கிடையாது. பட்டறைக்கு எந்தக் கார் வந்திருக்கிறதோ அதன் பின்சீட்டில் படுத்துக்கொள்வேன். பெரிய கார் வந்தால் நல்ல தூக்கம். சில வாரம் ஆட்டோவாகவே வந்து சேரும், அப்போது முழங்காலை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குவேன். அதிலும் தூக்கம் வரத்தான் செய்தது.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒருநாள் சலீம் பாய் வந்தார். மயிலாடுதுறையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர். கையில் ஒரு சின்னப் பெட்டி. "சிவப்பு கொஞ்சம் கலந்து தரணும்" என்றார். எவ்வளவு என்று முதலாளி கேட்டார். "ஒரு மூடி போதும்."

"பாய், காருக்குக் கேக்குறீங்களா, விரல் நகத்துக்குக் கேக்குறீங்களா?"

பட்டறையே சிரித்தது. பாயும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு கார், உள்ளங்கை அளவு. கதவு திறந்தது, ஸ்டியரிங் திரும்பியது. கதவில் ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் பெயர்ந்திருந்தது. முதலாளி அதை என் பக்கம் தள்ளினார். "இந்தா, உன் சைஸுக்கு ஒரு வேலை."

நான் சிவப்பில் துளி கறுப்பு விட்டு, நகத்தில் தடவிப் பார்த்து, மறுபடி துளி மஞ்சள் விட்டு, நிறத்தைப் பிடித்துக் கொடுத்தேன். பாய் வெயிலில் வைத்துப் பார்த்தார். பழைய பெயின்ட் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அங்கேயே என் நம்பரை வாங்கித் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவின் பெயர் 'சின்ன வண்டி'.

சலீம் பாய் துபாயில் பல வருஷம் டிரைவராக இருந்தவர். முதலாளி மாற மாற அங்கே கார் மாறும். தான் ஓட்டிய கார் ஒவ்வொன்றின் சின்ன உருவத்தையும் வாங்கிவந்து கடையில் வளையலுக்கும் ஹேர்பின்னுக்கும் மேல்தட்டில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். "அங்க இருந்ததெல்லாம் அவனுங்களுது தம்பி. இது நம்மளுது" என்பார்.

குழுவில் பெயருக்குக் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ஆனால் பேசுவது நாங்கள் நாலு பேர்தான். பாய், நான், கும்பகோணத்துச் செல்வி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்த ஜெயராமன் சார். செல்விக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பல்லைத் தேய்க்கும் சின்ன மெஷினை வைத்து காரின் கதவு இடுக்கைக் கோடு கோடாகச் செதுக்குவாள். அவள் கார்களின் முன்பக்க கிரில்லைப் பார்த்தால் யாரோ சிரிப்பது மாதிரி இருக்கும். "தொழில் தோஷம்ணே" என்பாள்.

அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காலையில் எழுந்ததும் யார் வீட்டில் என்ன என்று கேட்க மாட்டோம். பம்பர் காய்ந்ததா என்று கேட்போம்.

"முன் கண்ணாடி வெள்ளையா பூத்துப்போச்சும்மா" என்று பாய் போடுவார்.

"சூப்பர் குளூ போட்டீங்களா பாய்?"

"ஒரு சொட்டுதான்."

"ஒரு சொட்டோட ஆவிதான் போய் கண்ணாடில படியுது. எத்தனை தடவ சொல்றது? வெள்ளப் பசை போடுங்க, காயற வரைக்கும் பொறுமையா இருங்க."

"பொறுமை இருந்தா நான் துபாய்லயே இருந்திருப்பேனே."

என் பங்குக்கு நான் பெயின்ட் பற்றிச் சொல்வேன். ஐப்பசி மழையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் பெயின்ட் பூத்துவிடும். அடித்தே தீர வேண்டுமென்றால் டின்னைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வையுங்கள். முதல் கோட் அடிக்கும்போது அடியில் இருப்பது தெரிய வேண்டும். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழிந்துவிடும். இதையெல்லாம் நான் எங்கேயும் படிக்கவில்லை, வழியவிட்டு அடி வாங்கித் தெரிந்துகொண்டது. ஆனால் குழுவில் நான் சொன்னால் கேட்டார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லை என்பதால் எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. வேலை மாறும், ஊர் மாறும், படுக்கிற இடம் மாறும். அந்தக் குழு மட்டும் மாறாமல் சட்டைப்பையிலேயே கூட வந்தது.

ஜெயராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பளபளப்பான கார் பிடிக்காது. சேறு பிடிக்கும். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் அழகான சின்னக் கார்களைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே அழுக்காக்கிவிடுவார். மட்கார்டில் துரு, கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரைவட்டம், டயரில் வயல் சேறு. சேற்றைச் சும்மா எடுத்துப் பூச முடியாது. நிஜச் சேற்றில் இருக்கும் ஒரு மணல், சின்னக் காரில் பாறாங்கல் மாதிரி தெரியும். அதனால் வாய்க்கால் வண்டலைக் காயவைத்து இடித்து முதலில் கொசுவலையில் சலிப்பார், பிறகு வேட்டியில் சலிப்பார், கடைசியாக மனைவியின் நைலக்ஸ் புடவையில் சலிப்பார். வசந்தா அக்கா ஒருநாள் அவர் போனைப் பிடுங்கிக் குழுவில் குரல் செய்தி போட்டார். "உங்க சாருக்கு நான் இனிமே புடவை எடுத்துக் கொடுக்கறதா இல்ல. நீங்களே ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கொடுங்க." செல்வி அடுத்த வாரமே ஒரு பழைய புடவையைக் கூரியரில் அனுப்பிவைத்தாள்.

சேற்றைச் சலித்துவிடலாம், துருவைச் சின்னதாக்கிவிடலாம், தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. ஜெயராமன் சார் அடிக்கடி சொல்வார்: "தண்ணி மட்டும் யார் பேச்சையும் கேக்காது. சின்னதாகாது. ஒரு சொட்டு எடுத்து வண்டி மேல வச்சுப் பாருங்க, எலுமிச்சம்பழம் உருட்டி விட்ட மாதிரி இருக்கும்." நிஜம்தான். ஒரு சாண் நீளக் காரின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் படம் எடுத்தால் யாராக இருந்தாலும் பொம்மை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எங்களில் யாரும் நனைந்த காரைச் செய்ததில்லை. வாய்க்கால், குட்டை என்றால் பசை மாதிரி ஊற்றி இறுகவைக்கும் ரெசின் இருக்கிறது, அதில் டீ டிகாஷன் நிறத்தைக் கலந்து ஊற்றுவோம். துளிகளைத் தொடவே மாட்டோம்.

எங்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. அதையும் போட்டது அவர்தான். தொடக்கத்தில் யாராவது தான் செய்த வண்டியின் படத்தைப் போட்டு, நாங்கள் ஒரு குறை சொன்னால், உடனே சண்டைக்கு வருவார்கள். பாய்தான் அதில் முதல் ஆள். "அது போட்டோல அப்படித் தெரியுது", "லைட்டு சரியில்ல", "நேர்ல பாத்தா அப்படி இல்ல" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். ஒரு தடவை செல்விக்கும் அவருக்கும் ஒரு ஹெட்லைட் விஷயத்தில் பேச்சு நின்றே போய்விட்டது. அப்புறம்தான் ஜெயராமன் சார் சொன்னார்: படம் போடுகிறவர் படத்தை மட்டும் போட வேண்டும். ஒரு வார்த்தை எழுதக் கூடாது. மற்றவர்கள் குறை மட்டும் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது, போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும் பாய் 'பேசுங்க' என்று போடுவார். அதற்குப் பிறகுதான் பதில்.

நல்ல சட்டம். நாங்கள் எல்லோரும் அதில் கைதேர்ந்தோம். 'பேசுங்க' வருவதற்குச் சில சமயம் அரை நாள் ஆகிவிடும். கடையில் கூட்டம் இருந்தால் பாய்க்கு மறந்துபோகும். படம் போட்டவர் அதுவரைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருப்பார். ஜெயராமன் சார் சட்டம் போட்டவர் என்பதால் இன்னும் கண்டிப்பு. வசந்தா அக்கா போனிலிருந்து கூட ஒரு சத்தம் வராது.

அந்த வருஷம் அவர் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார். அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அப்பா காலத்து வண்டி. அதையே பதினெட்டில் ஒரு பங்காகச் செய்துகொண்டிருந்தார். தகரம் வெட்டி, பிளாஸ்டிக் சீட்டைச் சூடாக்கி வளைத்து, எல்லாம் கையால். நம்பர் பிளேட் முதல் இடது மட்கார்டில் இருந்த நசுங்கல் வரை அப்படியே. வண்டி முடிந்ததும் அதை வாய்க்கால் கரையில் நிறுத்தி மதகோடு சேர்த்து ஒரு காட்சி அமைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் நாங்கள் அதற்காகக் காத்திருந்தோம். "சார், எப்ப சார்?" என்று செல்வி கேட்டால், "வந்துரும்" என்று மட்டும் போடுவார்.

பட்டறை இருந்த மனையை விற்றுவிட்டார்கள் என்று நான் அதற்குள் நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு வந்திருந்தேன். வந்த புதிதில் கடைத்தெருவில் ஜெயராமன் சாரை ஒரு தடவை நேரில் பார்த்திருந்தேன். உமித்தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமி இருமி விலா வலித்தது. ஒரு மத்தியானம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஆலையிலிருந்து வாய்க்கால் ஓரச் சாலையிலேயே நடந்து ஊருக்கு வந்தேன். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வானம் மூடியிருந்தது. வழியில் மதகு ஒன்று. அதன் கட்டையில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தேன், அது என் வழக்கம். மூன்று பலகை மதகு. நடுப்பலகையைத் தூக்கும் திருகுச் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், வெறும் தண்டு மட்டும் நிற்கும். பிறகு எழுந்து நடந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நின்றவர்கள் சண்டை போட்டுச் சமாதானமாகி மறுபடி சண்டை போடலாம், அவ்வளவு நேரம் இருக்கும்.

நான் நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஜெயராமன் சார் படம் போட்டிருந்தார். வார்த்தை எதுவும் இல்லை.

வெள்ளை அம்பாசிடர், மூக்கு வாய்க்காலுக்குள், பின்சக்கரம் கரையில் தொங்கியபடி. டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. முன் கண்ணாடியில் விரிசல். பின்னால் துருப்பிடித்த மதகு. எல்லாவற்றின் மேலும் பழுப்புச் சேறு. நான் கேட்டருகில் நின்றே வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். மனுஷன் முடித்துவிட்டார்.

முதல் குறை நான்தான் சொன்னேன். 'டயரில் சேறு ஒரே சீராக இருக்கிறது. ஒரு பக்கம் வழித்துவிட்ட மாதிரி இருந்திருக்கலாம்.'

பாய் குரலிலேயே போட்டார். "கண்ணாடி விரிசல் சரியில்ல. சிலந்தி வலை மாதிரி சுத்தி வரணும். இது நேரா கோடு கிழிச்ச மாதிரி இருக்கு."

செல்வி போட்டாள். "மதகு துரு அருமை. சக்கரம் ஒண்ணு இல்லாம விட்டது நல்ல யோசனை. ஆனா குறைதானே சொல்லணும்? தண்ணியில டிகாஷன் ஜாஸ்தியாயிடுச்சு சார். இவ்ளோ கலங்கலா எந்த வாய்க்கா ஓடுது?"

மறுபடி பாய். "டிரைவர் எங்க? கதவு தொறந்து கெடக்கு, உள்ள ஆள் இல்ல. கதை பாதியில நிக்குது."

செல்வி: "ஆள் பொம்மை செய்ய சாருக்குச் சோம்பேறித்தனம். அட்லீஸ்ட் கரையில ஒருத்தர உக்கார வச்சிருக்கலாம்."

அதற்கு நானும் ஒரு சிரிக்கிற முகம் போட்டேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டதை அழுத்திப் பார்த்தால் படித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. பதில் இல்லை. சட்டப்படி இருக்கவும் கூடாது.

தூறல் போட்டது. கேட்டில் எனக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதன் பானட்டில் துளி விழுந்து துளித்துளியாக நின்றது. சும்மா பார்த்தேன். மறுபடி போனைப் பார்த்தேன். படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன், சேற்றை எத்தனை கோட்டாகப் பூசியிருக்கிறார் என்று பார்ப்பதற்காக. அம்பாசிடரின் பானட்டில் சேறு படாத ஒரு இடம் இருந்தது. அங்கே தண்ணீர்த் துளிகள் நின்றன. பக்கத்துக் காரில் நின்ற துளிகள் மாதிரியே. அதே அளவு. கடுகு மாதிரி.

எலுமிச்சம்பழம் மாதிரி இல்லை.

எனக்கு உடனே புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதை எப்படிச் செய்தார், ஊசி முனையால் வைத்தாரா என்றுதான் முதலில் நினைத்தேன். மூளை அப்படித்தான் பழகியிருந்தது. பிறகு விரல் தானாகவே படத்தை மூடிவிட்டு அவர் நம்பரைத் தேடியது. மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது போல.

அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பாய்க்குச் செய்தேன்.

"எடுக்க மாட்டாரு தம்பி. நான் இன்னும் பேசுங்கன்னு சொல்லலையே."

"பாய், பானட்ல தண்ணி நிக்குது, பெருசு பண்ணிப் பாருங்க."

அவர் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு அம்மா கிளிப் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். "அது பொம்மை இல்ல தம்பி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. "எங்க இருக்காருன்னு எப்படித் தெரியும்? எந்த வாய்க்கா?"

சக்கரம் இல்லாத மதகு. நான் பீடி குடித்த மதகு. செல்வி நல்ல யோசனை என்று பாராட்டியது.

கேட்டில் நின்ற ஒரு டிவிஎஸ் ஃபிப்டிக்காரரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உரமூட்டை ஒன்றைக் கால்வைக்கும் இடத்தில் வைத்திருந்தார். அதை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை. போகிற வழியிலேயே நூற்றியெட்டுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன்.

படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கதவு அதே கோணத்தில் திறந்து கிடந்தது, சக்கரம் அதே மாதிரி தொங்கியது. படத்தில் இல்லாதது ஒன்றுதான். கரையின் இந்தப் பக்கம், படம் எடுத்த இடத்தில், ஜெயராமன் சார் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் சேறு. ரத்தம் எங்கும் இல்லை. முகம் மட்டும் அடுப்புச் சாம்பல் நிறம். போன் மடியில் கிடந்தது. திரையில் நாங்கள் எழுதியதெல்லாம்.

"சார்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். என்னை யாரென்று அடையாளம் கண்டுகொண்டார். உதடு காய்ந்திருந்தது.

"பாய் பேசுங்கன்னு சொல்லிட்டாரா?" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லிவிட்டார் என்று சொன்னேனா, ஒன்றும் சொல்லவில்லையா, தெரியாது. டிவிஎஸ்காரர்தான் துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். ஆம்புலன்ஸ் வந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் ஸ்டியரிங் இடித்ததில் மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். வெளியே ஒரு கீறல் கிடையாது.

அவர் பிழைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவராகவே சொன்னார். அறுவடை மெஷினை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியிருக்கிறார், கரை சரிந்துவிட்டது. லாரிக்காரர் கவனிக்கவே இல்லை.

"கதவத் தொறந்துட்டு நானாத்தான் ஏறி வந்தேன் தம்பி. ஒண்ணும் ஆகலன்னுதான் நெனச்சேன். திரும்பிப் பாத்தா, சேறு அப்படி ஒட்டியிருக்கு. நாம எவ்வளவு சலிச்சாலும் வராது. காஞ்சுட்டா போயிரும், இப்பவே ஒரு படம் எடுத்துப் போட்டுட்டு அப்புறம் வீட்டுக்குச் சொல்லலாம்னு உக்காந்தேன். உக்காந்தவன்தான்."

"நாங்க பொம்மைன்னு நெனச்சுட்டோம் சார்."

"அது தெரிஞ்சுதே. படிச்சேனே. மயக்கமா வருது, ஆனா எல்லாம் புரியுது. யாருக்காவது போன் போடணும்னு தோணுது. எல்லாரும் சொல்லி முடிக்கட்டும்னும் தோணுது. அந்த நேரத்துல அது சரியாத்தான் பட்டுச்சு தம்பி. அதுதான் எனக்கு இப்பவும் வெளங்கல."

வசந்தா அக்கா டீ டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். ஃபிரிட்ஜ் மேல் பாலித்தீன் பையால் மூடிய ஒரு சாண் நீள அம்பாசிடர் இருந்தது. முன் கண்ணாடி மட்டும் பாக்கி. சார் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகும் குழு கொஞ்ச நாள் ஓடியது. ஓடியது என்றா சொல்வது? யாராவது வார்த்தை இல்லாமல் ஒரு படம் போட்டால் அடுத்த நிமிஷம் அவருக்கு மூன்று போன் போகும். "நல்லா இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?" பாய் தன் புதுக் காரின் படத்தை ஒருநாள் போட்டார், கூடவே 'இது பொம்மை' என்று எழுதிப் போட்டார். பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைக்கும் தெரியும். செல்வி, 'நல்லா இருக்கு பாய்' என்று எழுதினாள். நானும் அதையே எழுதினேன். பாய் என்னைக் கூப்பிட்டு, "பம்பர் தொங்குதுப்பா, யாரும் சொல்ல மாட்டேங்குறீங்களே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

குறை சொல்ல ஆள் இல்லாமல் போனால் வண்டி செய்து என்ன ஆகப்போகிறது? முதலில் செல்வி வெளியேறினாள். காரணம் சொல்லவில்லை. 'கரையில ஒருத்தர உக்கார வச்சிருக்கலாம்' என்று எழுதியது அவள் விரல்தானே. அதைப் பற்றி அவளிடம் நான் பேசியதில்லை, அவளும் பேசவில்லை. பாய் கடையின் மேல்தட்டில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. கார்களைத் தம்பி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என் போனில் 'சின்ன வண்டி' இன்னும் இருக்கிறது, புதிதாக ஒன்றும் வருவதில்லை. மேலே நகர்த்திக்கொண்டே போனால் அந்தப் படம் வரும். அதற்குக் கீழே நாங்கள் சொன்ன குறைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். பாய் இன்றைக்கு வரைக்கும் அதற்குக் கீழே 'பேசுங்க' என்று போடவில்லை.

அன்றைக்கு ஆம்புலன்ஸ் போன பிறகு நான் அங்கேயே நின்றிருந்தேன். எங்கே போவது என்று முன்பே முடிவு செய்திருக்கவில்லை, இப்போது யோசிக்கவும் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் கிரேன் வந்தது. கிரேன்காரர் தடித்த மனுஷர், வாயில் வெற்றிலை. கூட வரும் ஆள் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டே இறங்கினார். நான் கேட்காமலேயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பின் ஆக்சிலில் சங்கிலியை மாட்டினேன். லாரி கிளீனராக இருந்த பழக்கம். வண்டி மேலே வந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது.

"உனக்குச் சொந்தமா?" என்று கிரேன்காரர் கேட்டார்.

"தெரிஞ்சவரு."

"எங்க வேலை பாக்குற?"

"எங்கயும் இல்ல."

"காலைல ஷெட்டுக்கு வா."

மறுநாள் காலையில் போனேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடந்துவிட்டுப் போனதால் சட்டையில் இன்னும் வாய்க்கால் ஈரம் இருந்தது. வழியிலேயே செல்வியிடமிருந்து செய்தி வந்தது: 'கண்ணு முழிச்சுட்டாராம்.'

ஷெட் முற்றத்தில் அம்பாசிடர் நின்றது. கிரேன்காரர் ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தார். "போலீஸ் பாத்துட்டுப் போயாச்சு. அந்த வீட்டம்மா போன் பண்ணாங்க, சேறோட வாசலுக்குக் கொண்டாராதீங்கன்னாங்க. சுத்தமா கழுவு."

வெயில் ஏறியிருந்தது. சேறு காய்ந்து வெளுத்துப்போய், ஓரம் ஓரமாகச் சின்னச் சின்ன ஓடாக வெடித்திருந்தது. முன் கண்ணாடி விரிசல் நேராகத்தான் ஓடியது. பாய் கேட்ட சிலந்தி வலை எங்கும் இல்லை. நான் குந்தி உட்கார்ந்து பின் டயரைப் பார்த்தேன். சேறு சுற்றிலும் ஒரே சீராக ஒட்டியிருந்தது. எந்தப் பக்கமும் வழிக்கப்பட்டிருக்கவில்லை. விரலால் தொட்டேன், மாவு மாதிரி இருந்தது. நைலக்ஸ் புடவையில் சலித்த மாதிரி.

"என்னப்பா, இன்னும் தண்ணியே தொறக்கலயா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

குழாயைத் திறந்தேன்.